பின்னணிப் பக்கங்கள்தானே: குற்ற வலைப்பின்னல் ஆய்வுகளில் எழுத்துத் திருட்டு

2011 மே மாதத்தில் புள்ளியியல் ஆய்விதழ் ஒன்று, தான் 2008இல் அச்சிட்ட ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற்றது. எழுதியவர்கள் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் வெக்மேனும் அவருடைய குழுவினரும். ஆய்வாளர்கள் யார் யாருடன் கூட்டாக எழுதுகிறார்கள், அந்தக் கூட்டு ஒருவர் கட்டுரையை இன்னொருவர் மதிப்பிடுவதை எப்படிப் பாதிக்கும் என்று வலைப்பின்னல் கணக்குகளால் காட்ட முயன்ற கட்டுரை அது. வலைப்பின்னல் என்றால் என்ன, முனை (படத்தில் ஓர் ஆளைக் குறிக்கும் புள்ளி) என்றால் என்ன, மையத்தன்மையை (ஒருவர் எவ்வளவு நடுவில் நிற்கிறார் என்பதை) எப்படி அளப்பது என்று விளக்கும் பத்திகள் விக்கிப்பீடியாவிலிருந்தும் இரண்டு பாடநூல்களிலிருந்தும் போதிய குறிப்பின்றி எடுக்கப்பட்டிருந்தன.

இதன் வேர் 2006இல் இருக்கிறது. பூமியின் வெப்பம் பல நூற்றாண்டுகள் பெரிதாக மாறாமல் இருந்து கடைசி நூற்றாண்டில் சட்டென ஏறியதைக் காட்டிய, பருவநிலை ஆய்வாளர்கள் வரைந்த புகழ்பெற்ற ‘ஹாக்கி மட்டை’ வரைபடத்தைப் பரிசோதிக்கும்படி அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று வெக்மேனைக் கேட்டது. அவர் கொடுத்த அறிக்கையில் அந்த ஆய்வாளர்களின் கூட்டுறவை வலைப்பின்னலாக வரைந்து காட்டும் பகுதி ஒன்றிருந்தது. அந்தப் பகுதியே பிற்பாடு ஆய்விதழ்க் கட்டுரையாக வளர்ந்தது. ஆய்விதழ் அதை ஒரு வாரத்துக்குள் ஏற்றுக்கொண்டது. நெருங்கிய வட்டத்துக்குள் மதிப்பீடு தளர்ந்துபோகும் என்று வாதிட்ட கட்டுரைக்கே மதிப்பீடு இவ்வளவு வேகமாக முடிந்தது. இதை நையாண்டியாகச் சொல்லவில்லை, அந்த வேகத்தில் படித்தால் எந்த மதிப்பீட்டாளர் கண்ணிலும் இரவல் பத்தி படாது.

கண்டுபிடித்தவர்கள் பல்கலைக்கழகத்தாரோ ஆய்விதழ் ஆசிரியரோ அல்ல. வெளியிலிருந்த ஆர்வலர்கள் மூலத்தையும் நகலையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜான் மேஷி என்ற கணினியாளர் 2010இல் தொகுத்த ஆவணம் 250 பக்கம். கட்டுரையின் வலைப்பின்னல் பத்திகள் குழுவிலிருந்த ஒரு மாணவி கொடுத்தவை, வலைப்பின்னல் பகுப்பாய்வில் ஒரு வாரப் பயிற்சி பெற்றவர் என்பதால் அவர் சொந்தமாக எழுதியவை என்றே எடுத்துக்கொண்டோம் என்று குழுத் தலைவர் விளக்கம் சொன்னார். அந்தப் பயிற்சியை நடத்தியவர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கேத்லின் கார்லி. பயங்கரவாதக் குழுக்களின் வலைப்பின்னலை எப்படிக் குலைப்பது என்று 2000களின் தொடக்கத்திலேயே எழுதியவர். வெக்மேன் குழுவின் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி செய்தித்தாள் ஒன்று கேட்டபோது, இது ஆய்வைவிடக் கருத்துரைக்கே நெருக்கமானது என்றார்.

2012 பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தின் முடிவு வந்தது. இரண்டு விசாரணைக் குழுக்கள் இரண்டு விதமாகச் சொன்னன. நாடாளுமன்ற அறிக்கையில் பிறர் எழுத்தை நிறையவே மாற்றி எழுதியிருந்தாலும் மூலம் பலமுறை குறிப்பிடப்பட்டிருப்பதால் முறைகேடு இல்லை என்றது ஒன்று. ஆய்விதழ்க் கட்டுரையின் ‘சூழலை விளக்கும் பகுதிகளில்’ எழுத்துத் திருட்டு நடந்திருக்கிறது, வெக்மேனே பொறுப்பு என்றது மற்றொன்று. தண்டனை ஒரு கண்டனக் கடிதம்.

சூழலை விளக்கும் பகுதி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வலைப்பின்னல் ஆய்வுகளில் எழுத்துத் திருட்டு பிடிபடும்போதெல்லாம் வருகிற வாதம் இதுதான்: பின்னணிப் பக்கங்கள்தானே, கணக்கு எங்களுடையது, முடிவு எங்களுடையது. ஆய்வகத்தில் சோதனை செய்யும் துறையில் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் இடமிருக்கலாம். ஒளிந்து இயங்கும் குற்றக் கும்பல்களை வரைபடமாக்கும் துறையில் அறவே இடமில்லை. தரவில் யார் விடுபட்டிருக்கிறார்கள், எது உறவாக எண்ணப்படுகிறது, எந்த அளவை எந்த வரைபடத்துக்குப் பொருந்தும் என்ற தீர்மானங்கள் எல்லாம் அந்தப் பின்னணிப் பக்கங்களில்தான் எடுக்கப்படுகின்றன. அவற்றை இரவல் வாங்கியவர் அந்தத் தீர்மானங்களை எடுக்கவே இல்லை.

எல்லோரும் ஒரே கிணற்றில் இறைப்பது ஏன்

கடத்தல் கும்பலில் யார் முக்கியம் என்று கண்டுபிடிக்க வலைப்பின்னல் கணிதத்தைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியை 1991இல் மால்கம் ஸ்பாரோ என்ற ஆய்வாளர் முறையாக எழுப்பினார். மூன்று தடைகளைச் சொன்னார். தரவு எப்போதும் முழுமையாக இராது. கும்பலின் எல்லை எங்கே முடிகிறது என்பது மங்கலாகவே இருக்கும். உறவுகள் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். இந்த மூன்றையும் மேற்கோள் காட்டாத கட்டுரை இத்துறையில் அரிது. மூன்றையும் எண்ணி ஏதாவது செய்த கட்டுரையும் அதே அளவு அரிது.

அடுத்த பெரிய திருப்பம் 2001 செப்டம்பர் 11. அந்த இலையுதிர் காலத்தில் வால்டிஸ் கிரெப்ஸ் என்ற ஆலோசகர் செய்தித்தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு 19 விமானக் கடத்தல்காரர்களின் உறவுகளை வரைந்தார். ஒரே வீட்டில் தங்கியவர்கள், ஒன்றாகப் படித்தோ பயிற்சி பெற்றோ இருந்தவர்கள் என்றால் தடித்த கோடு. சேர்ந்து பயணம் செய்தால், கூட்டத்தில் கலந்துகொண்டால் நடுத்தரக் கோடு. ஒரு பணப் பரிமாற்றம், எப்போதோ ஒரு சந்திப்பு என்றால் மெல்லிய கோடு. நம்பகமான முன்தொடர்புகளை மட்டும் எடுத்தால் ஒருவரிலிருந்து இன்னொருவருக்குச் சராசரியாக 4.75 படிகள். நடுவில் நடந்த சில சந்திப்புகளைச் சேர்த்தால் அது 2.79ஆகக் குறைந்தது. 2002இல் அச்சான இந்தக் கட்டுரை சிறியது, தெளிவானது, தரவைக் கண்முன் வைத்தது. இத்தகைய படம் சம்பவத்துக்குப் பிறகு வழக்கு நடத்த உதவுமே தவிர முன்கூட்டித் தடுக்க எளிதில் உதவாது என்பதையும் அவரே எழுதியிருந்தார்.

அப்போது பாதுகாப்பு ஆய்வுக்குப் பணம் பெருகியது. கணினியியல் துறைகள் இந்தப் பக்கம் திரும்பின. ஆனால் உண்மையான தரவோ காவல்துறை, உளவுத்துறை அலமாரிகளில் பூட்டிக் கிடந்தது. வெளியே கிடைத்தது கிரெப்ஸின் 19 பேர் படம், அதுபோல நான்கைந்து. ஆட்கள் பலர், தரவு கைப்பிடி, மாநாடுகள் ஏராளம். விளைவை ஊகிப்பது கடினமல்ல. அதே அறிமுகம், அதே ஸ்பாரோ பத்தி, அதே மையத்தன்மைச் சூத்திரங்கள், அதே 19 பேர், கடைசியில் புதுப் பெயர் சூட்டிய ஓர் அளவை. அந்த அளவையும் பெரும்பாலும் 2001இல் லட்டோரா, மார்க்கியோரி என்ற இரு இயற்பியலாளர்கள் முன்வைத்த ‘வலைப்பின்னல் திறன்’ (ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு எவ்வளவு எளிதில் எட்டலாம்) என்ற அளவையின் சிறு மாற்றமாகவே இருந்தது.

தரவுக்காக உழைத்தவர்களும் உண்டு, ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் வேண்டும். நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரியைச் சேர்ந்த மங்கை நடராஜன், ஹெராயின் விநியோகக் கும்பல் ஒன்றின் ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல்களிலிருந்து 294 பேரின் வலைப்பின்னலை எடுத்து 2006இல் வெளியிட்டார். தமிழ்நாட்டு மகளிர் காவலர்களைப் பற்றியும் ஆய்வு செய்தவர் அவர். உரையாடலில் யார் யாருக்குக் கட்டளையிடுகிறார், யார் தகவல் கேட்கிறார், யார் மரியாதையாகப் பேசுகிறார் என்பதையெல்லாம் குறியிட்டார். கனடாவில் குற்றவியலாளர் கார்லோ மோர்செல்லி ஆய்வுக்கு எடுத்த ‘கேவியர்’ வழக்கில் காவல்துறை 1994 முதல் 1996 வரை மான்ட்ரியால் கடத்தல் கும்பலைக் கண்காணித்தது. சரக்கைப் பறிமுதல் செய்தது, கடைசி வரை யாரையும் கைது செய்யவில்லை. இரண்டிரண்டு மாதமாக 11 கட்டங்கள், மொத்தம் 110 பேர். அடி விழ விழ வலைப்பின்னல் எப்படி உருமாறுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல தரவு பொதுவெளியில் அரிது. இவர்களுடைய பின்னணிப் பக்கங்களை வேறொரு கட்டுரையில் ஒட்ட முடியாது. ஒவ்வொரு வரியிலும் அந்தக் குறிப்பிட்ட தரவின் வாசனை இருக்கும். ஒட்ட முடிகிற பத்தி எதுவோ, அது எந்தத் தரவையும் பற்றிப் பேசாத பத்தி.

எவையெவை திருடப்படுகின்றன

அமெரிக்க அரசு 2000இல் வகுத்த ஆய்வு முறைகேட்டு வரையறை எழுத்துத் திருட்டில் நான்கைச் சொல்கிறது: கருத்து, செய்முறை, முடிவு, சொல். உரியவருக்குப் பெயர் கொடுக்காமல் இவற்றில் எதை எடுத்தாலும் திருட்டுத்தான். மென்பொருள் தேடுவது நான்காவதை மட்டும்.

சொற்களை விட்டுவிட்டுச் சூத்திரங்களைப் பார்ப்போம். இடைநிலை மையத்தன்மை என்பது மற்றவர்களில் ஒவ்வோர் இருவரையும் இணைக்கும் மிகக் குறுகிய வழிகளில் ஒருவர் எத்தனை முறை நடுவில் நிற்கிறார் என்ற கணக்கு. 1977இல் சமூகவியலாளர் லின்டன் ஃப்ரீமன் கொடுத்த வடிவத்தில், கிடைத்த எண்ணை அதன் உச்ச வரம்பால் வகுத்து 0 முதல் 1 வரையிலான அளவாக ஆக்குவார்கள். திசை இல்லாத உறவென்றால் வகுக்கும் எண் (n−1)(n−2)/2. யார் யாரை அழைத்தார் என்று திசை இருந்தால் அந்த 2 வராது. 21 பேர் உள்ள படத்தில் ஒருவருக்கு 95 என்று வந்தால், திசையற்ற கணக்கில் 95/190 = 0.5. திசையுள்ள கணக்கில் 95/380 = 0.25. பாடநூலிலிருந்து திசையற்ற சூத்திரத்தை எடுத்து ஒட்டிவிட்டு, ஒட்டுக்கேட்ட அழைப்புகளை மென்பொருளில் திசையோடு ஓட்டினால் அட்டவணையும் சூத்திரமும் ஒத்துப்போகாது. இப்படி ஒத்துப்போகாத கட்டுரையைக் கண்டால் பக்கத்துப் பத்திகளையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

அண்மை மையத்தன்மையில் இன்னொரு குழி. ஒருவரிடமிருந்து மற்ற எல்லோருக்கும் உள்ள தூரங்களைக் கூட்டித் தலைகீழாக்குவது அது. படம் ஒரே துண்டாக இருந்தால்தான் அந்தக் கணக்குச் செல்லும். கும்பல் தரவோ பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டாகவே இருக்கும். துண்டுகளுக்கிடையே தூரம் முடிவிலி. சில மென்பொருள்கள் எட்டக்கூடியவர்களை மட்டும் எண்ணும், சில முடிவிலிக்குப் பதிலாக ஒரு பெரிய எண்ணை வைத்துக்கொள்ளும். எதைத் தேர்ந்தார்கள் என்பதே ஆய்வின் தீர்மானம். இரவல் பத்தியில் அது இராது, ஏனென்றால் மூல நூலின் எடுத்துக்காட்டுப் படம் ஒரே துண்டு.

குறியீடு இன்னும் பெரிய காட்டிக்கொடுப்பான். சமூகவியல் மரபில் வளர்ந்த வாசர்மேன், ஃபவுஸ்ட் பாடநூல் ஆட்களின் எண்ணிக்கைக்கு g போடும். இயற்பியல் பக்கத்திலிருந்து வந்த கட்டுரைகள் N போடும். ஃப்ரீமன் n. ஒரே கட்டுரையில் மூன்றாம் பக்கத்தில் g, ஐந்தில் N, ஏழில் மறுபடி n என்று வந்தால் மூன்று துணிகளை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அமெரிக்க, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் பத்திக்குப் பத்தி மாறுவதும், ‘முந்தைய அத்தியாயத்தில் கண்டபடி’ என்ற தொடர் ஆறு பக்கக் கட்டுரையில் தலைகாட்டுவதும், 23 மூலங்களே உள்ள பட்டியலில் 41ஆவது மூலம் சுட்டப்படுவதும் அதே இனம்.

தரவுத் திருட்டு இவற்றைவிடக் கனமானது. அச்சான படத்தைப் பார்த்துக் கோடுகளைக் கையால் எண்ணித் தரவுக் கோப்பாக்கி, ‘பொதுவெளி மூலங்களிலிருந்து திரட்டினோம்’ என்று எழுதிவிடுவது. இதைப் பிடிக்கப் பெயர்களே போதும். அரபுப் பெயர்களை ஆங்கிலச் செய்தித்தாள்கள் பல விதமாக எழுதின: அல்ஹஸ்மி, அல்-ஹஸ்மி, அல் ஹம்ஸி. உண்மையிலேயே திரட்டியவர் இந்தக் குழப்பத்தோடு மல்லுக்கட்டியிருப்பார். எந்தெந்த எழுத்துக்கூட்டல்களை ஒரே ஆளாக இணைத்தோம் என்று எழுதாமல் அவரால் இருக்க முடியாது. திருடியவருடைய கோப்பில் மூலக் கட்டுரையின் எழுத்துக்கூட்டல் பிழையோடு அப்படியே வந்து நிற்கும். நிலவரைபடக்காரர்கள் இல்லாத தெருவொன்றைப் படத்தில் வரைந்து வைப்பார்களாம், நகலெடுப்பவனைப் பிடிக்க. இங்கே அந்தத் தெருவைச் செய்தித்தாளின் அச்சுப்பிழையே போட்டுக்கொடுக்கிறது.

இதில் அறநெறி ஒரு பக்கம் இருக்கட்டும், அறிவுக்கு நேரும் கேடு வேறு. ஒரே 19 பேர் தரவைப் பத்துக் கட்டுரைகள் தனித்தனியாகத் திரட்டியதுபோல் காட்டிக்கொண்டால், பத்துத் தனி ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வந்ததாகப் படிப்பவர் எண்ணுவார். உண்மையில் ஒரு செய்தித்தாள் தொகுப்பு பத்து முறை எதிரொலித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒட்டுக்கேட்பிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. காவல்துறை யார் தொலைபேசியைக் கேட்டதோ அவரே படத்தின் நடுவில் வருவார், அவருக்குத்தான் எல்லா அழைப்புகளும் பதிவாகின்றன. அவர் அடிக்கடி அழைத்த உணவுக் கடைக்காரர்கூட ‘முக்கிய இடைத்தரகர்’ ஆகிவிடலாம். மூல ஆய்வாளர் இதை ஓர் அடிக்குறிப்பில் சொல்லியிருப்பார். நகலெடுப்பவர் முதலில் கழற்றி எறிவது அடிக்குறிப்புகளைத்தான்.

தன்னுடையதையே மறுபடி விற்பதும் இங்கே சகஜம். ஒரே நிரலை நியூயார்க் தரவில் ஒரு மாநாட்டில், பாலி குண்டுவெடிப்புத் தரவில் இன்னொன்றில், மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புத் தரவில் மூன்றாவதில். புதுத் தரவில் புதுக் கேள்வி இருந்தால் குற்றமில்லை. முன்னிரண்டு கட்டுரைகளைச் சொல்லாமல் மூன்றையும் முதன்முறை போல் காட்டும்போதுதான் குற்றம்.

முகமூடிகள்

அப்படியே ஒட்டுவது இப்போது குறைவு. ஜெர்மனியில் 2011இல் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க்கின் முனைவர் பட்டம் பறிபோன கையோடு, ஆய்வேடுகளை வரிவரியாகச் சோதிக்கும் தன்னார்வலர் கூட்டங்கள் உருவாயின. வ்ரோனிபிளாக் அவற்றில் நீண்டநாள் நின்றது. டென்மார்க்கில் சமர்ப்பிக்கப்பட்ட, பயங்கரவாத வலைப்பின்னல்களைப் பற்றிய ஆய்வேடு ஒன்றும் அது எடுத்துக்கொண்டவற்றுள் அடக்கம். இவர்கள் வகைப்படுத்திய விதம் பயனுள்ளது. மூலம் சொல்லாமல் சொல்லுக்குச் சொல் எடுத்தது ஒரு வகை. சொற்களை அங்கங்கே மாற்றி மறைத்தது இன்னொரு வகை. மூன்றாவதற்குச் சதுரங்கத்திலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள்: சிப்பாய் பலி. பத்தியின் ஒரு வாக்கியத்துக்கு மட்டும் மூலத்தைச் சுட்டிவிட்டு, அதற்கு முன்னும் பின்னுமாக ஒன்றரைப் பக்கத்தை அதே மூலத்திலிருந்து சொல்லாமல் எடுப்பது. ‘மேற்கோள் காட்டியிருக்கிறேனே’ என்று வாதாட ஒரு சிப்பாய் களத்தில் நிற்கும். குற்ற வலைப்பின்னல் கட்டுரைகளில் ஸ்பாரோ பெரும்பாலும் அந்தச் சிப்பாய். அவரை ஒருமுறை சுட்டிவிட்டு, அவரைச் சுருக்கிய வேறொருவரின் மூன்று பத்திகளை அள்ளிக்கொள்வார்கள்.

அடுத்தது இயந்திரம் மாற்றிக் கொடுக்கும் சொற்கள். 2021இல் கில்லோம் கபனாக்கும் உடன் ஆய்வாளர்களும் ‘சித்திரவதைப்பட்ட தொடர்கள்’ என்று ஒன்றை வெளிக்கொணர்ந்தார்கள். ஒத்தபொருள் மாற்றும் நிரலில் போட்டெடுத்ததால் செயற்கை நுண்ணறிவு ‘போலி உணர்வுநிலை’ ஆகியிருந்தது, மார்பகப் புற்றுநோய் ‘நெஞ்சு அபாயம்’ ஆகியிருந்தது. நிலைத்த கலைச்சொல் திடீரென்று அந்நியமாகத் தெரிந்தால் அங்கே நிரல் புகுந்திருக்கிறது.

நமக்கு நெருக்கமான முகமூடி மொழிபெயர்ப்பு. ஆங்கிலக் கட்டுரையின் நான்கு பக்கத்தைத் தமிழாக்கி ஆய்வேட்டில் சேர்த்தால் ஒப்புமை மென்பொருள் பெரும்பாலும் வாய் திறக்காது, அது சொற்களின் வரிசையைத்தான் பார்க்கிறது. வாசகர்தான் பிடிக்க வேண்டும். பிடிக்கும் வழி வாக்கிய ஒழுங்கு: எடுத்துக்காட்டுகள் மூலத்தில் வந்த அதே வரிசையில் வரும், மூலத்தில் விட்டுப்போனது இங்கும் விட்டுப்போயிருக்கும், பத்தி முடியும் இடமும் ஒன்றாகவே இருக்கும்.

சோதிக்கும் முறை

சந்தேகம் வந்த கட்டுரையைக் கையில் எடுத்தால் முடிவுரையிலிருந்து அல்ல, வரையறைப் பக்கங்களிலிருந்து தொடங்க வேண்டும். எட்டு முதல் பத்துச் சொல் நீளமுள்ள தொடர்களை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுவது முதல் படி. பொதுச் சொற்கள் நிறைந்த தொடரைத் தவிர்த்து, வழக்கத்துக்கு மாறான பெயரடையோ வினையோ உள்ள தொடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆய்விதழ்கள், புத்தகத் தேடல், விக்கிப்பீடியாவின் பழைய பதிப்புகள் மூன்றிலும் தேட வேண்டும். விக்கிப்பீடியாவைப் பொறுத்தவரை நாள் முக்கியம். அதன் பக்கம் கட்டுரைக்குப் பிறகு எழுதப்பட்டிருந்தால் திருட்டின் திசையே மாறிவிடும். பக்க வரலாற்றில் அந்த வாக்கியம் முதலில் எந்த நாளில் நுழைந்தது என்று பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது.

பொருத்தம் கிடைத்ததும் இரண்டு நெடுவரிசையாகப் பக்கத்தில் பக்கம் வைத்து, ஒத்த சொற்களுக்கு நிறம் தீட்டி, இரண்டு பக்கமும் பக்க எண், வரி எண் எழுத வேண்டும். ஒருவர் கண்டதை இன்னொருவர் மூலத்தைத் திறந்து தனியாகச் சரிபார்த்த பிறகே பட்டியலில் சேர்ப்பது நல்ல வழக்கம். மூலத்திலுள்ள பிழை நகலிலும் இருந்தால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும், வழக்கில் அதுதான் நிற்கும். எண்ணிக்கையைவிடப் பரவல் பேசும்: 60 பக்கத்தில் 20 பக்கம் தொட்டிருக்கிறதா, அல்லது எல்லாம் ஒரே அத்தியாயத்தில் குவிந்திருக்கிறதா?

தரவுக்குச் சோதனை வேறு. முனைகளையும் கோடுகளையும் எண்ணி, கட்டுரை சொல்லும் அடர்த்தியோடு (இருக்கக்கூடிய கோடுகளில் இருப்பவற்றின் பங்கோடு) பொருந்துகிறதா பார்க்க வேண்டும். 19 பேருக்குத் திசையற்ற உறவுகள் அதிகபட்சம் 171. அடர்த்தி 0.2 என்றால் ஏறத்தாழ 34 கோடு இருக்க வேண்டும், 54 கோடு வரைந்திருந்தால் படம் ஓரிடத்திலிருந்தும் அட்டவணை வேறிடத்திலிருந்தும் வந்திருக்கிறது. பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழக மிட்செல் மையம் பொதுவில் வைத்திருக்கும் மறைவு வலைப்பின்னல் தொகுப்புகளோடு ஒப்பிடலாம்.

மென்பொருள் தரும் சதவீதம் தீர்ப்பல்ல. சூத்திரம், அமைப்புகளின் நீண்ட பெயர்கள், மூலப்பட்டியல் எல்லாம் விலக்கிவைக்காவிட்டால் ஒப்புமையாகவே எண்ணப்படும். 22% காட்டும் கட்டுரை சுத்தமாக இருக்கலாம், 6% காட்டுவது முழுக்க மொழிபெயர்ப்புத் திருட்டாக இருக்கலாம். இந்தியாவில் இந்தச் சதவீதத்துக்கே சட்ட வலு வந்திருப்பதால் இது முக்கியமாகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி 10% வரை தண்டனை இல்லை. அதற்குமேல் 40% வரை ஆய்வேட்டை ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60% என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60%ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பொதுவறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் தொடர்களுக்கு 14 சொல் வரை விலக்கு. சுருக்கம், கருதுகோள், முடிவு, பரிந்துரை ஆகிய மையப் பகுதிகளில் ஒப்புமையே கூடாது என்றும் விதி சொல்கிறது.

இந்த விதி நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டது. ஆனால் 10% வரை தண்டனையில்லை என்பதை 10% வரை அனுமதி என்று படிக்கும் வழக்கம் வந்துவிட்டது. 200 பக்க ஆய்வேட்டில் 10% என்பது 20 பக்கம். வலைப்பின்னல் ஆய்வேட்டில் வரையறை அத்தியாயம் அந்த அளவுதான் இருக்கும். மையப் பகுதி என்று விதி எண்ணுவதில் தரவின் குறைகளை அலசும் பக்கங்கள் இல்லை, இத்துறையில் மையமே அதுதான்.

இரவல் வாங்காமல் எழுதுவது

வரையறைகளைத் தவிர்க்க முடியாது. புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் எழுதவும் தேவையில்லை. அளவைக்குப் பெயர், முதலில் கொடுத்தவர், ஆண்டு, கையாண்ட வடிவம் திசையுள்ளதா இல்லையா, மென்பொருளும் அதன் பதிப்பு எண்ணும், துண்டுபட்ட படத்தை எப்படிக் கையாண்டது என்ற விவரம். இந்த ஆறும் நான்கு வரியில் அடங்கும். இரண்டு பக்கப் பாடநூல் விளக்கத்தை ஒட்டுவதைவிட இது சிறியது, மதிப்பீட்டாளருக்கும் அதிகம் பயன்படும்.

தரவுப் பத்தியில் திரட்டியவர் பெயரும் ஆண்டும் முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும். பிறகு நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்பது: எத்தனை முனைகளைச் சேர்த்தீர்கள், எத்தனையை நீக்கினீர்கள், கோட்டின் மூன்று தடிப்புகளையும் ஒன்றாக்கினீர்களா. கிரெப்ஸின் மெல்லிய கோடுகளை நீக்கிவிட்டு மையத்தன்மை கணக்கிட்டால் வேறு படம் வரும், அதைச் சொல்லாமல் அவர் பெயரை மட்டும் போடுவதும் அவருக்குச் செய்யும் அநியாயம்தான். ஸ்பாரோவின் மூன்று தடைகளை மறுபடி ஒப்பிப்பதற்குப் பதிலாக, கையிலுள்ள தரவில் ஒரு தடையையாவது சோதித்துப் பார்க்கலாம். பத்துக் கோடுகளைத் தற்செயலாக நீக்கி நூறு முறை ஓட்டினால் முதலிடத்தில் நிற்பவர் எத்தனை முறை இடம் மாறுகிறார் என்று தெரிந்துவிடும். மடிக்கணினியில் சில நிமிட வேலை. அந்த அட்டவணையை வேறெந்தக் கட்டுரையிலிருந்தும் எடுத்து ஒட்ட முடியாது.

கூட்டாக எழுதும்போது யார் எந்தப் பகுதியை எழுதினார் என்று கோப்பிலேயே பதிந்து வைப்பதும், மாணவர் கொடுத்த பத்தியை நெறியாளர் அனுப்பும் முன் இரண்டு தொடர்களையாவது தேடிப் பார்ப்பதும் வெக்மேன் குழுவைக் காப்பாற்றியிருக்கும். அச்சான பிறகு தன் கட்டுரையிலேயே இரவல் பத்தியைக் கண்டால் ஆய்விதழுக்கு முதலில் எழுத வேண்டியவர் கட்டுரையாசிரியர்தான். சிறு பகுதி, மூலம் விட்டுப்போனது என்றால் திருத்தம் வெளியிட்டு முடிப்பார்கள். வெளியார் கண்டுபிடித்துக் கடிதம் போட்ட பிறகு அதே பகுதிக்குத் திரும்பப் பெறுதல் அறிவிப்பே வரும், கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே முத்திரை விழும், கோப்பு மட்டும் அதே முகவரியில் நிரந்தரமாக இருக்கும்.